ஞாயிறு மட்டும் ஓடி மாரத்தான் தகுதி பெற முடியுமா?

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே மாரத்தான் பயிற்சி செய்து, ஏதாவது ஒரு தகுதி நேரத்தை எட்டப் பார்க்கும் வாசகர்களின் கேள்விகளை இம்மாதம் எடுத்துக்கொண்டோம். ஓட்டப் பயிற்சியிலும் விளையாட்டு மருத்துவத்திலும் அனுபவமுள்ள எங்கள் குழு பதில் தருகிறது.

கேள்வி: கரூரில் துணிக்கடை வைத்திருக்கிறேன். வயது 38. கடையைச் சாத்த இரவு பத்தரை ஆகிவிடும். அதனால் ஞாயிறு காலை மட்டும் 24, 25 கிலோமீட்டர் ஓடிவிடுகிறேன். பெரிய ஓட்டங்களில் சேர முந்தைய ஓட்டத்தின் நேரச் சான்றிதழ் கேட்கிறார்கள். இந்தப் பயிற்சியே போதுமா? சில மாதங்களாக முன்னங்கால் எலும்பில் வலி வேறு.

பதில்: போதாது. அந்த வலிக்குக் காரணமும் பெரும்பாலும் இந்த ஞாயிறு ஓட்டமாகத்தான் இருக்கும்.

நீண்ட ஓட்டத்துக்கு உடல் பழகுவதென்றால் தசைகளில் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியா பெருக வேண்டும், நுண் ரத்தக்குழாய்கள் கூட வேண்டும், கொழுப்பை எரிக்கும் திறன் வளர வேண்டும். இவை எல்லாமே அடிக்கடி கிடைக்கும் தூண்டுதலால் நடப்பவை. ஆறு நாள் சும்மா இருந்துவிட்டு ஏழாம் நாள் இரண்டரை மணி நேரம் ஓடினால் ஓட்டத்தின் களைப்பு முழுதாக வந்து சேரும், பலன் பாதிதான் தங்கும். எலும்பும் தசைநாரும் இதயத்தைவிட மெதுவாகவே வலுப்பெறும். மூச்சு வாங்காமல் 25 கிலோமீட்டர் ஓட முடிகிறது என்பதால் கால் எலும்பும் அதற்குத் தயாராகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வாரம் நான்கு நாள் ஓடுபவருக்கு ஞாயிறு ஓட்டம் வாரத் தூரத்தில் நாற்பது, நாற்பத்தைந்து சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. உங்களுக்கு அது நூறு சதவீதம்.

முதலில் வலி இருக்கும் எலும்பை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு காசு அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தாலோ, ஒற்றைக்காலில் குதித்தால் வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் அழுத்த விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவதுண்டு, எம்ஆர்ஐ தேவைப்படலாம். எலும்பின் உள்விளிம்பு நெடுக ஒரு சாண் நீளத்துக்கு மந்தமாக வலித்தால் அது ஷின் ஸ்பிளின்ட். தூரத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வலி அடங்கியதும் ஞாயிறு ஓட்டத்தை 14 கிலோமீட்டருக்கு இறக்கிவிட்டு, செவ்வாயும் வியாழனும் முப்பது நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு பதினொன்றரைக்குப் படுப்பவர் நாலரைக்கு எழ வேண்டியதில்லை. ஆறேகாலுக்கு வாசலில் இறங்கினால் ஏழு மணிக்கு வீட்டுக்குள் இருக்கலாம். மூன்று வாரம் இப்படி ஓடிய பிறகு சனிக்கிழமையும் இருபத்தைந்து நிமிடம். இதெல்லாம் பழகிய பிறகுதான் ஞாயிறும் மற்ற நாட்களும் சேர்ந்த வாரத் தூரத்தை வாரத்துக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டராக ஏற்ற வேண்டும். நான்காவது வாரம்தோறும் மொத்தத் தூரத்தைக் கால்வாசி குறையுங்கள். இருபது வாரத்தில் உங்கள் வாரத் தூரம் 50 கிலோமீட்டரை எட்டும். நேரச் சான்றிதழ் வாங்க முதலில் ஓர் அரை மாரத்தான் (21.1 கிலோமீட்டர்) ஓடுங்கள். முழு மாரத்தான் அதற்கடுத்த பருவத்தில் ஆகட்டும்.

கேள்வி: கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை. வயது 46. முழு மாரத்தானில் என் சிறந்த நேரம் 3 மணி 31 நிமிடம். அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானுக்குத் தகுதி பெற ஆசை. எட்டரைக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். எவ்வளவு குறைக்க வேண்டும், எத்தனை மாதம் ஆகும்?

பதில்: 2026 ஓட்டத்திலிருந்து பாஸ்டன் அமைப்பாளர்கள் 60 வயதுக்குட்பட்டோருக்கான தகுதி நேரங்களை ஐந்து நிமிடம் இறுக்கிவிட்டார்கள். 45 முதல் 49 வயது ஆண்களுக்கு 3 மணி 15 நிமிடம், பெண்களுக்கு 3:45. 50 முதல் 54 வரை ஆண்களுக்கு 3:20, பெண்களுக்கு 3:50. நீங்கள் தகுதி ஓட்டம் ஓடும் நாளின் வயதைப் பார்க்க மாட்டார்கள். பாஸ்டன் ஓட்டம் நடக்கும் ஏப்ரல் திங்கட்கிழமையன்று உங்கள் வயது என்னவோ அதுதான் கணக்கு. 48, 49 வயதில் இருப்பவர்கள் இதைக் கவனித்துத் திட்டமிட்டால் ஐந்து நிமிடம் கையில் வரும்.

தகுதி நேரத்தைத் தொட்டவர்கள் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. விண்ணப்பங்கள் இடத்தைவிட அதிகமானால் தகுதி நேரத்தைவிட அதிக வேகமாக ஓடியவர்களிலிருந்து எடுத்துக்கொண்டு வருவார்கள். 2024இல் 5 நிமிடம் 29 வினாடி, 2025இல் 6:51 கூடுதலாகத் தேவைப்பட்டது. நேரத்தை இறுக்கிய பிறகும் 2026இல் 4:34 தேவைப்பட்டது. ஆகவே உங்கள் இலக்கு 3:15 இல்லை, 3:09.

3:09 என்றால் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 29 வினாடி. வளைவுகளில் அகலமாகத் திரும்புவதாலும் ஜிபிஎஸ் பிழையாலும் கடிகாரம் முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டருக்குப் பதிலாக 42.6 வரை காட்டும். எனவே கடிகாரத்தில் தெரிய வேண்டிய பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம், 4:26. இப்போது நீங்கள் ஓடுவது 5:00. கிலோமீட்டருக்கு முப்பது வினாடிக்கு மேல் ஒரே பருவத்தில் குறைக்கப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் காயத்தோடுதான் நிற்கிறார்கள். முதல் பருவத்தில் 3:20, அடுத்ததில் 3:13, அதற்கடுத்ததில் 3:09 என்று ஒன்றரை, இரண்டு ஆண்டுத் திட்டமாக வையுங்கள்.

முழு மாரத்தானை அடிக்கடி ஓடிச் சோதிக்க முடியாது. சிறிய தூரங்களில் அளந்துகொள்ளுங்கள். வாரம் 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடுபவர்களுக்கு அரை மாரத்தான் நேரத்தை 2.085ஆல் பெருக்கினால் முழு மாரத்தான் நேரம் ஏறக்குறைய வரும். அந்தக் கணக்கில் 3:09க்கு அரை மாரத்தான் 1:30:30. வாரம் 50 கிலோமீட்டர் மட்டுமே ஓடுபவருக்கு இந்தப் பெருக்கல் ஏமாற்றும், 2.15 என்று வைத்துக்கொள்வதே நேர்மை. அப்படியானால் அரை மாரத்தானை 1:28க்குள் முடிக்க வேண்டும். 10 கிலோமீட்டரை 41 நிமிடத்துக்குள் ஓட முடியாத நிலையில் 3:09க்கு முழு மாரத்தானில் இறங்குவது வீண் முயற்சி. முதல் பருவத்தை 10 கிலோமீட்டர் வேகத்துக்கே கொடுங்கள். ஐந்து முறை ஒரு கிலோமீட்டர் வேகமாக, இடையில் இரண்டரை நிமிடம் மெதுவோட்டம். இதை வாரம் ஒருமுறை செய்தால் போதும், இரண்டு முறை வேண்டாம்.

தகுதி ஓட்டத்தின் பாதை முறையாக அளந்து சான்று பெற்றதாக இருக்க வேண்டும். பதிவு செய்யும் முன் அமைப்பாளர் தளத்தில் இதைப் பார்த்துவிடுங்கள். மலையிலிருந்து இறங்கும் வேகமான பாதையைத் தேடிப் போகும் பழக்கம் பலருக்கு உண்டு. 2027 பாஸ்டனிலிருந்து, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே 1,500 அடி அல்லது அதற்கு மேல் இறக்கமுள்ள பாதையில் ஓடிய நேரத்தோடு ஐந்து நிமிடம் சேர்ப்பார்கள். 3,000 அடி என்றால் பத்து நிமிடம். 6,000 அடியும் அதற்கு மேலும் ஏற்கப்படாது.

கேள்வி: சென்னையில் ஐடி வேலை, வயது 37, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். வாரம் நான்கு நாள், அதுவும் வேலை நாட்களில் காலை ஆறே கால் வரைதான் எனக்கு நேரம். அரை மாரத்தான் 1:58. முதல் முழு மாரத்தானை 4:15க்குள் முடிக்க வேண்டும். வார அட்டவணை எப்படி இருக்க வேண்டும்?

பதில்: 1:58 ஓடுபவருக்கு 4:15 நியாயமான இலக்கு. கிலோமீட்டருக்கு 6:03. நான்கு நாள் போதும், ஆனால் நாளுக்கொரு வேலை இருக்க வேண்டும்.

செவ்வாய் ஒரு மணி நேரத்துக்குள். பதினைந்து நிமிடம் மெதுவாக, பிறகு எட்டு நிமிடம் வீதம் மூன்று முறை 5:25, 5:30 பேஸில். இடையே இரண்டு நிமிடம் மெதுவோட்டம், கடைசியில் பத்து நிமிடம் தளர்வாக. இந்த வேகத்தில் மூன்று நான்கு சொற்களுக்கு மேல் தொடர்ந்து பேச முடியாது, ஆனால் மூச்சுத் திணறவும் கூடாது. வியாழன் 9, 10 கிலோமீட்டர். முதல் ஆறு வாரம் முழுக்க மெதுவாக ஓடுங்கள். பிறகு கடைசி மூன்று கிலோமீட்டரை மாரத்தான் பேஸில் ஓடி, அதைப் படிப்படியாக ஆறாக்குங்கள். சனி முப்பது நிமிடம், மிக மெதுவாக. ஞாயிறு லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம்.

மெதுவாக என்றால் உங்களுக்கு 6:45 முதல் 7:15 வரை. நான்கு நாள் மட்டும் ஓடும் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். கிடைக்கும் நேரம் குறைவு, அதை வீணாக்கக் கூடாது என்று எல்லா நாளும் 6:10, 6:15இல் ஓடுகிறார்கள். அது மீண்டெழவும் விடாது, வேகத்தையும் கூட்டாது. ஆறாவது வாரத்தில் செவ்வாய்ப் பயிற்சி சுமையாகத் தெரியும், பத்தாவது வாரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மெதுவோட்டத்தில் பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகக் கதை பேச வர வேண்டும். வராவிட்டால் வேகத்தைக் குறையுங்கள், தேவைப்பட்டால் நடங்கள்.

லாங் ரன் 16, 18, 20, அடுத்த வாரம் இறங்கி 15, பிறகு 22, 24, 26, மீண்டும் 18 என்று ஏறட்டும். உச்சம் 30 கிலோமீட்டர், இரண்டு முறை. உங்கள் வேகத்தில் அதற்கே மூன்றரை மணி நேரம் ஆகும். அதற்கு மேல் ஓடினால் செவ்வாயும் வியாழனும் கெட்டுவிடும், அந்த இழப்பை ஞாயிறு ஈடுசெய்யாது.

இரண்டு நாள் மாலையில் பதினைந்து நிமிடம் வீட்டிலேயே வலுப்பயிற்சி செய்யுங்கள். படிக்கட்டு விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது பக்கத்துக்குப் பதினைந்து, மூன்று முறை. புத்தகப் பையை மாட்டிக்கொண்டு படி ஏறி இறங்குவது, ஒருபக்கமாகப் படுத்து முழங்கையூன்றி உடலைத் தூக்கிப் பிடிப்பது. தண்ணீர் காயும் நேரத்தில்கூட இதைச் செய்துவிடலாம்.

பிள்ளைக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் ரிலீஸ் என்று ஒரு நாள் போனால் போகட்டும். விட்ட ஓட்டத்தை மறுநாள் ஓட்டத்தோடு சேர்க்காதீர்கள். இருபது நிமிடம்தான் இருக்கிறது என்றால் இருபது நிமிடம் ஓடுங்கள். வாரத்தில் ஒன்றை விட்டே ஆக வேண்டுமானால் சனியை விடுங்கள். தூக்கம் ஆறு மணி நேரத்துக்கும் கீழே போன வாரத்தில் செவ்வாயின் வேகப் பயிற்சியை மெதுவோட்டமாக மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மதுரையில் செவிலியர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவுப் பணி. இரவு முடிந்து வந்ததும் அப்படியே ஓடிவிட்டுத் தூங்கலாமா?

பதில்: இருபது நிமிடம் தளர்வாக ஓடலாம், வேகப் பயிற்சி கூடாது. இரவெல்லாம் விழித்திருந்த உடலில் வேகமாக ஓடினால் தூக்கம் வரத் தாமதமாகலாம், கால் வைக்கும் இடமும் தவறும். தூங்கி எழுந்து ஒன்றரை மணி நேரம் கழித்து, மாலையில் பணிக்குப் போகும் முன் ஓடுவதே நல்லது.

ஏழு நாள் அட்டவணை உங்களுக்குப் பொருந்தாது. பதினான்கு நாளை ஒரு சுற்றாக வையுங்கள். இரவு வாரத்தில் 35 நிமிட மெதுவோட்டம் மூன்று. பகல் வாரத்தில் வேகப் பயிற்சி இரண்டு, நடுவே இரண்டு நாள் இடைவெளி. கடைசி இரவுப் பணி முடிந்து ஒரு முழு இரவு தூங்கிய மறுநாள் லாங் ரன். இந்த முறையில் பதினெட்டு வாரத் திட்டம் இருபத்து நான்கு வாரமாகும். ஓட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைக் கணக்கில் எடுங்கள்.

காரணமில்லாமல் பேஸ் இறங்கி, படி ஏறினாலே கால் கனத்தால் ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருப்பது ஓடும் பெண்களிடம் சகஜம். பரிசோதிக்காமல் இரும்புச்சத்து மாத்திரை போட வேண்டாம். மருத்துவர் எழுதிக்கொடுத்தால் அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபியைத் தள்ளிவையுங்கள், அவை இரும்பு சேருவதைத் தடுக்கும்.

கேள்வி: ஜனவரி ஓட்டத்துக்கு செப்டம்பரிலேயே பயிற்சி தொடங்கினேன். கடற்கரைச் சாலையில் விடிகாலையில்கூட பேஸ் வருவதில்லை, இதயத் துடிப்பு எகிறுகிறது. அக்டோபரில் மழை வந்தால் ஓட்டமே நின்றுவிடுகிறது. (சென்னை வாசகர்)

பதில்: ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை ஆவியாகாது. உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் திருப்பிவிடப்படும், தசைக்குக் கிடைப்பது குறையும், அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். இது பயிற்சிக் குறைவில்லை. கடிகாரத்தின் பேஸை மூடிவிட்டு மூச்சை வைத்து ஓடுங்கள். செப்டம்பரில் கிலோமீட்டருக்கு 15 முதல் 30 வினாடி மெதுவாகத் தெரிந்தால் இழந்த வேகத்தைத் துரத்த வேண்டாம். பத்துப் பதினான்கு நாளில் உடல் ஓரளவு பழகிவிடும், ரத்தத்தில் நீர்ப்பங்கு கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும். டிசம்பர் குளிர்ச்சியில் அதே உழைப்புக்கு வேகம் தானாக வந்து நிற்கும்.

உங்களுக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று அளந்துவிடுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் மெதுவாக ஓடிவிட்டு, துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. ஓட்டத்தில் அதில் பாதி முதல் முக்கால் பங்கு குடித்தால் போதும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் சரிந்து குழப்பமும் வலிப்பும் வரலாம். மெதுவாக ஓடி, வழியிலுள்ள ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிப்பவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம். வெயிலில் மயிர்க்கூச்செறிவதும், குளிர்வதும், பேச்சு குழறுவதும் தெரிந்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். ஓட்டம் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

மழைக்கு இரண்டு ஜோடி ஷூ வையுங்கள். உள்ளட்டையை உருவி, செய்தித்தாளைத் திணித்து, நான்கு மணி நேரத்தில் தாளை மாற்றினால் மறுநாளைக்கு உலர்ந்துவிடும். கால் விரல் இடுக்கு, தொடை இடுக்கு, அக்குள் எல்லாவற்றிலும் வாஸ்லின். தண்ணீர் தேங்கிய தெருவில் கண்டிப்பாக ஓட வேண்டாம், திறந்த சாக்கடையும் அறுந்து கிடக்கும் மின்கம்பியும் தெரியாது. அன்றைக்கு டிரெட்மில்லில் சரிவை ஒரு சதவீதத்தில் வைத்து ஓடுங்கள், மின்விசிறி நேர் எதிரே இருக்கட்டும்.

கேள்வி: 30, 32 கிலோமீட்டர் வரை பறக்கிறேன், பிறகு நடக்க வேண்டியதாகிறது. எலுமிச்சை ஜூஸ், தண்ணீர் தவிர எதுவும் எடுப்பதில்லை. ஓடும்போது எடுக்கும் சர்க்கரைக் கூழான ஜெல்லின் விலையும் கட்டுப்படியாகவில்லை. (சேலம் வாசகர், எடை 65 கிலோ)

பதில்: ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ ஒரு கலோரி. 65 கிலோவுக்கு முழு மாரத்தான் 2,700 கலோரிக்கு மேல். தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்தாகச் சேர்த்து வைத்திருப்பது 2,000 கலோரி அளவுதான். கொழுப்பு மீதியைக் கொடுக்கும், ஆனால் மெதுவாக. வேகமாக ஓட ஓட மாவுச்சத்தின் பங்கு கூடும். ஆகவே நீங்கள் முதல் பத்து கிலோமீட்டரைப் பறந்து கடப்பதும், வழியில் ஒன்றும் சாப்பிடாததும் சேர்ந்துதான் 32இல் உங்களை நிறுத்துகின்றன.

மணிக்கு 45 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பசிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. முப்பதாவது நிமிடத்தில் தொடங்கி அரை மணிக்கொரு முறை எடுங்கள். ஜெல் ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும். ஜெல்லைத் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் டிரிங்கோடு சேர்த்தால் வயிற்றில் சர்க்கரை அடர்த்தி கூடிக் குமட்டும், வயிற்றைக் கலக்கும்.

வீட்டிலேயே செய்துகொள்ள, ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து மேசைக்கரண்டி, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சை. அரை லிட்டரில் 30 கிராம் மாவுச்சத்து, 300 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் கிடைக்கும். இனிப்பு போதவில்லை என்று சர்க்கரையை இரட்டிப்பாக்காதீர்கள், வயிற்றிலிருந்து இறங்கத் தாமதமாகும். இந்த அரை லிட்டரோடு மணிக்கு மூன்று நான்கு பேரீச்சை சேர்த்தால் தேவை ஓரளவு நிறைவேறும். பேரீச்சையைக் கொட்டை நீக்கி, நான்காகக் கிள்ளி, சிறு பையில் வையுங்கள். வாழைப்பழம் நல்லதுதான், பையில் நசுங்கும். கடலை மிட்டாயில் கொழுப்பு அதிகம், ஓடும்போது செரிக்காது, ஓடி முடித்த பின் சாப்பிடுங்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, வியர்வையில் போகும் சோடியமோ குறைவு. அதை மட்டும் நம்பி ஓட வேண்டாம்.

எதைச் சாப்பிட முடிவு செய்தாலும் குறைந்தது ஆறு ஞாயிறு அதையே சாப்பிட்டு ஓடிப் பழகுங்கள். குடலுக்கும் பயிற்சி வேண்டும். ஓட்டத்தன்று புதிதாக எதையும் வாயில் வைக்கக் கூடாது.

தசைப்பிடிப்புக்கு உப்புக் குறைவுதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். பழகாத வேகத்தில் ஓடிக் களைத்த தசைதான் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறது. தொடக்க வேகத்தைக் குறைத்தால் பாதிப் பிடிப்பு வராது.

கேள்வி: தென் ஆப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டத்துக்கு முழு மாரத்தானை எவ்வளவு நேரத்தில் முடித்திருக்க வேண்டும்? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: அண்மை ஆண்டுகளில் 4 மணி 50 நிமிடத்துக்குள். கிலோமீட்டருக்கு 6:52. நிதானமாகப் பயிற்சி செய்யும் எவருக்கும் எட்டக்கூடிய நேரம். ஆனால் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர், மேடும் பள்ளமுமாகப் பன்னிரண்டு மணி நேரக் கெடுவுக்குள் ஓட வேண்டும். 4:49இல் தட்டுத் தடுமாறித் தகுதி பெற்றவருக்குக் கெடு மிக நெருக்கமாக இருக்கும். 4:20 ஓட முடிந்த பிறகு பதிவு செய்யுங்கள். ஏற்காடு, கொல்லிமலைச் சாலைகளில் மாதம் ஒருமுறை ஏறி இறங்கிப் பழகுவது நல்லது. இறக்கம்தான் தொடையை உடைக்கும்.

கேள்வி: கடைசி மூன்று வாரம் என்ன செய்வது? போனமுறை பயந்துபோய் ஓட்டத்துக்கு ஐந்து நாள் முன்பு 25 கிலோமீட்டர் ஓடிவிட்டேன். (புதுச்சேரி வாசகி)

பதில்: கடைசி 30 கிலோமீட்டர் ஓட்டம் மூன்று வாரத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அதன் பிறகு ஓடும் தூரத்தின் பலன் ஓட்டத்தன்று கைக்கு வராது, களைப்பு மட்டும் வரும். வாரத் தூரத்தை முதலில் எண்பது சதவீதம், பிறகு அறுபது, கடைசி வாரம் நாற்பது என்று இறக்குங்கள். ஓடும் நாட்களையும் வேகத்தையும் குறைக்க வேண்டாம், நீளத்தை மட்டும் வெட்டுங்கள். இந்த நாட்களில் கால் கனப்பதுபோலவும், எங்கோ வலிப்பதுபோலவும் தோன்றும். பெரும்பாலும் இரண்டொரு நாளில் போய்விடும்.

கடைசி இரண்டு நாள் எடையின் ஒரு கிலோவுக்கு 8 கிராமாவது மாவுச்சத்து. 55 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 440 கிராம். வேகவைத்த சோறு 100 கிராமில் 28 கிராம்தான், ஆகவே மூன்று வேளைச் சாப்பாட்டில் மட்டும் இது சேராது. இட்லி, இடியாப்பம், ஜாம் தடவிய ரொட்டி, பழச்சாறு என்று நாள் முழுக்கப் பிரித்துக்கொள்ளுங்கள். கீரை, கொண்டைக்கடலை, எண்ணெய்ப் பண்டம், பிரியாணி வேண்டாம். முந்தின இரவு ரசம் சாதமோ தயிர் சாதமோ, ஏழு மணிக்குள். ஒரு கிலோ எடை ஏறினால் பதற வேண்டாம், மாவுச்சத்தோடு சேர்ந்து தங்கும் தண்ணீர் அது.

ஷூ புதிதாக வாங்குவதானால் ஒரு மாதம் முன்பே வாங்கி, ஒரு லாங் ரன்னாவது ஓடிப் பாருங்கள். நகத்தை நான்கு நாள் முன்பு வெட்டுங்கள், முந்தின நாள் அல்ல. நம்மூரில் ஓட்டம் விடியலுக்கு முன்பே தொடங்குவதால் முந்தின இரவு தூக்கம் சரியாக வராது. அதற்கு முந்தின இரவு எட்டு மணி நேரம் தூங்கிவிட்டால் போதும். தொடக்கத்துக்கு இரண்டரை மணி நேரம் முன் எழுந்து மூன்று இட்லி சர்க்கரையோடு, அல்லது ரொட்டியும் வாழைப்பழமும்.

முதல் ஐந்து கிலோமீட்டர் இலக்குப் பேஸைவிட ஐந்து முதல் எட்டு வினாடி மெதுவாக. கூட்டத்தில் இடம் வலமாக வளைந்து முந்தாதீர்கள், வளைவுகளில் உள்ளோரமாக ஓடுங்கள். குறித்த நேரத்தில் முடிக்கக் கொடியோடு வழிநடத்தும் பேசரோடு ஓடினால், அவர் துப்பாக்கி நேரத்தை (ஓட்டம் தொடங்கிய கணத்திலிருந்து) பார்க்கிறாரா, சிப் நேரத்தையா (நீங்கள் கோட்டைத் தாண்டியதிலிருந்து) என்று முன்பே கேளுங்கள். நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்ட நான்கு நிமிடம் ஆகியிருந்தால் அந்த வித்தியாசம் முக்கியம்.

பாஸ்டன் சிப் நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. முடிவுகள் வெளியானதும் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். பிழை இருந்தால் உடனே அமைப்பாளருக்கு எழுதித் திருத்திக்கொள்ளுங்கள். சான்றிதழையும் முடிவுப் பக்கத்தையும் சேமித்து வையுங்கள். பாஸ்டன் பதிவு செப்டம்பரில் நடக்கும். அப்போது தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.